இரண்டு விநாடி வெளிச்சம்

"குடையை மடக்குங்க, கட்டில் வருது."

அவள் மடக்குவதற்குள் மரக்கட்டிலின் கால் குடையைக் கிழித்துவிட்டது. நாடக அரங்கின் பின்வாசல்... சாய்ந்தடிக்கும் மழை. கட்டிலைச் சுமந்து வந்தவனின் தோள்பட்டை தோலுரிந்து சிவந்திருந்தது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"நேத்துவரைக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது. யாரோ ஒரு டீச்சர் வந்து கெடுத்துட்டாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த டீச்சர் அவள்தான்.

போன வாரம் பத்தாம் வகுப்பை நாடகம் பார்க்கக் கூட்டி வந்திருந்தாள். 'நன்றாக இருந்தது என்று எழுதாதே. கண்ணால் கண்டதை எழுது' என்பது அவள் கட்டளை. ஒருத்தி எழுதினாள்: 'தாய் செத்த பிறகு விளக்கு இரண்டு விநாடி தாமதமாக அணைந்தது. பிணம் மூச்சு விட்டது.' முழு மதிப்பெண் போட்டு, நாடகக் குழுவுக்கும் அனுப்பிவைத்தாள். சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பார்க்க வந்திருந்தாள்... பெருமையோடு.

"நீங்கதான் லைட்டுக்காரரா?"

"இருந்தேன். பன்னெண்டு வருசம் சுமை தூக்கி ஏறின இடம். முதலாளி அந்த ஒரே தாளைக் காட்டி, திரும்பச் சுமை தூக்க இறக்கிட்டார்."

"நான் அவர்கிட்ட பேசறேன்..."

"என்னன்னு? அந்தப் புள்ள எழுதினது பொய்யின்னா?"

அவள் கிழிந்த குடையை மடக்கினாள்.

"நிஜத்தை எழுதியிருக்கு. அதை மாத்தச் சொல்லிடாதீங்க."

"ஏன் லேட்டாச்சு?"

கட்டிலை இறக்கி வைத்தான். தரையைப் பார்த்தே பேசினான்.

"மூணாவது வரிசையில நீங்க அழுதுட்டிருந்தீங்க. கண்ணைக்கூட துடைக்காம... அணைச்சா இருட்டுல தனியா அழுவீங்களேன்னு, கை போகல."



"எங்கம்மா பத்துப்பாத்திரம் தேய்க்கப் போன வீட்டுல, ஈரக்கையோட செத்தாங்க," என்றாள். "அந்த நினைப்புல, அன்னைக்கு மேடையில எதுவுமே எனக்குத் தெரியல. நான் பாக்காத ஒண்ணுக்குத்தான் முழு மார்க் போட்டேன்... உங்க வேலை போச்சு."

ஊர் மாறக் கிளம்பும் குழுவின் சாமான் லாரி ஹாரன் அடித்தது. அவன் குனிந்து கட்டிலைத் தோளில் ஏற்றினான்.

"அடுத்து எந்த ஊர்?"

"ஏன், அங்கயும் புள்ளைங்களைக் கூட்டிட்டு வரப் போறீங்களா?"

"இல்ல. நான் மட்டும்." ஓரடி முன்னால் வந்தாள். "நாடகம் பாக்க இல்ல... உங்களைப் பாக்க."

அவன் நின்றான். சுமையோடு திரும்ப முடியவில்லை. முகம் காட்டாமலே ஊர்ப்பெயரைச் சொன்னான். மழையில் கேட்காமல் போயிருக்குமோ என்று, இன்னொரு தடவையும் சொன்னான்.