கிழங்குத் தண்ணீர்

கொட்டும் மழையில் ஒருத்தி நடுவழியில் நின்றால் எந்த டிரைவரும் பிரேக் போடத்தான் செய்வான். அவனும் போட்டான். அவள் கதவைத் திறந்து லாரிச் சாவியை உருவிக்கொண்டாள். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான்... கோபத்திலும் ஆளை இழுக்கிற கண்கள். பாவம், மாட்டிக்கொண்டான்.

அவன் மாமா சிப்ஸ் ஆலை வைத்திருந்தார். உருளைக்கிழங்கு சீவிக் கழுவிய தண்ணீரை அங்கே மழை நாளில்தான் டேங்கரில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். மழையோடு மழையாகப் போய்விடும், யாரும் கேட்கமாட்டார்கள். அன்றும் மேலே வாய்க்காலில் திறந்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டிருந்தான். அந்த வாய்க்கால் போய்ச் சேர்வது அவள் வீட்டு மீன் குளத்தில்.

"வெறும் கிழங்குத் தண்ணிங்க, விஷமா என்ன? வேணும்னா ஒரு கை குடிச்சே காட்டறேன்," என்றான் சிரித்தபடி.

"நீங்க குடிப்பீங்க... எங்க மீனு அதுக்குள்ள மூச்சு விடணுமே."

சாவியை அவன் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவனுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

காலையில் போய்ப் பார்த்தான். கிழங்கு மாவு அழுகித் தண்ணீரிலிருந்த காற்றையெல்லாம் தின்றிருந்தது. வாயைத் திறந்தபடியே கெண்டைகள் கரைக்குக் கரை செத்து மிதந்தன. அவளுடைய அப்பா கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவள் தனியாக வலை இழுத்துக்கொண்டிருந்தாள். இவன் தண்ணீரில் இறங்கி வலையின் மறுமுனையைப் பிடித்தான். வலையைச் சேர்த்து இழுக்கும்போது விரல்கள் பட்டுக்கொண்டன... வேறு நாளாக இருந்தால் நெஞ்சு துள்ளியிருக்கும். அன்று இருவருக்கும் அழுகைதான் வந்தது. குழி வெட்டிப் புதைத்து முடித்த பிறகு, அவன் யாரென்று அப்பாவுக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று விரட்டினார். நியாயம்தானே?

அவர்களுக்கு மிஞ்சியது குஞ்சுகள் இருந்த சின்னக் குளம் ஒன்றுதான். அதுவும் போனால் ஊரைவிட்டே போகவேண்டியதுதான்.

தன்னை வளர்த்த மாமாவிடம் அவன் கெஞ்சிப் பார்த்தான். தொட்டி வெட்டித் தேக்கினால் மாவு அடியில் படியும், விற்கலாம், தோல் மாட்டுக்கு ஆகும், தெளிந்த தண்ணீர் வயலுக்குப் போகும் என்றான். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் புத்தி சொல்கிறாயா என்றார் அவர்.

அடுத்த மழைக்கு டேங்கரை எடுக்கச் சொன்னார். எடுத்தான். மாமா வீட்டு முற்றத்திலேயே திறந்துவிட்டான். நாற்றம் தாங்காமல் வீட்டில் சோறு இறங்கவில்லை. மாமா தொட்டி வெட்டினார். இவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

மழை பெய்யும்போதெல்லாம் அவள் பாதையையே பார்த்தாள். டேங்கர் வருகிறதா என்று பார்ப்பதாகத் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டாள். ஒருநாள் அவன் நடந்து வந்தான், தோளில் ஒரு பையோடு.

"தொட்டி வெட்டியாச்சு. இனிமே அந்தத் தண்ணி இங்க வராது."

"அதைச் சொல்லிட்டு, மன்னிப்பு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"

"கேக்க மாட்டேன். கேட்டா மன்னிச்சு அனுப்பிடுவீங்க... எனக்குப் போக மனசில்லை. உங்களைப் பிடிச்சுப் போச்சு."

அவள் செத்த குளத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"அப்பா உங்களை மன்னிக்கவே மாட்டாரு."

"நீங்க?"

"நானும்தான்..." அவன் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "இருங்க."