மும்பைக்காக ஒரு திருட்டு

வெள்ளிக்கிழமை காலை 9.40. திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் துர்கா மூச்சிரைக்க நுழைந்தாள். கையிலிருந்த நீல ஃபைலை மேசைமேல் போட்டாள்.

"அக்கா, அபுதாபி கார்டைக் காணோம்."

கடைக்காரி மனோரமா ஸ்டேப்ளரைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருடமாக ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள். அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. கேள்வி கேட்பாள்.

விஷயம் இதுதான். துர்காவின் கணவன் ராஜீவ் அமெரிக்கக் குடிமகன். மனைவியை அழைத்துக்கொள்ள அவன் போட்ட மனு நேர்காணல் வரை வந்துவிட்டது. எந்த ஊரில் நேர்காணல் என்று இன்று எழுதி அனுப்ப வேண்டும். மும்பை, இல்லையென்றால் துர்கா நர்ஸாக வேலை பார்க்கும் அபுதாபி. ராஜீவ் விசாரித்தவரை அபுதாபியில் சீக்கிரம் முடியும். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது இருபத்திரண்டு நாள். ஆனால் அவள் அபுதாபிவாசி என்பதற்கு அந்தக் கார்டுதான் ஆதாரம். லீவில் வந்திருந்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை அபுதாபிக்குத் திரும்ப விமானம்.

"கடைசியா எப்போ பாத்தே?"

"திங்கக்கிழமை. நானே ஒறையில போட்டு பீரோல வெச்சேன். இன்னிக்குக் காலைல பாத்தா ஒறை மட்டும் இருக்கு."

மனோரமா ஃபைலைப் புரட்டினாள். பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். எல்லாவற்றின் மூலையிலும் குங்குமம். உறைகளின் உள்பக்கமெல்லாம் சிவப்பாக ஈஷியிருந்தது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு காலி உறையை எடுத்து டியூப்லைட் பக்கம் பிடித்துப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது.

"பாஸ்போர்ட் இருக்குதே" என்றாள்.

"அது இருந்து இன்னா பிரயோசனம்?"

"வண்டியை எடு. உங்க வீட்டுக்குப் போலாம்."

10.20. கே.ஜி.கண்டிகை. வீட்டின் முன்கட்டில் நாலு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. துர்காவின் அப்பா பக்தவச்சலம் தறிகளை நிறுத்தினார். சட்டென்று வந்த அமைதியில் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகவே பேசினார்கள்.

முதலில் தம்பி விஷ்ணு. பூனாவில் வேலை.

"நீ எப்போ வந்தே?"

"நேத்து காலைல. அக்காவை வழியனுப்ப."

"மும்பைதான் நல்லதுன்னு சொன்னியாமே?"

"ஆங், சொன்னேன். எனக்குப் பக்கம். அதுக்காகத் திருடுவேனா? ராஜீவ் பாவா போன்லயே என்னைப் பொளந்துடுவாரு."

அடுத்து அம்மா மணியம்மை. கண் வீங்கியிருந்தது.

"எனக்கும் மும்பைதான் ஆசை. வாயைத் தொறந்தே சொன்னேன். மறைச்சி வெச்சி எனக்கு இன்னா ஆவப்போவுது?"

"குங்குமம் வெச்சது நீங்களா அத்தை?"

"நான்தான். புதன்கெழம கிருத்திகை இல்ல? ஃபைலை மலைக்கு எடுத்துகினு போயி சாமி பாதத்துல வெச்சி வாங்கியாந்தேன். ஊட்டுக்கு வந்து, உள்ள இருந்த ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெச்சேன். ஒண்ணையும் விடல. எனக்கு இங்கிலீசு தெரியாது, எது எதுன்னு பாக்கல."

கடைசியாக பக்தவச்சலம். தோள் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார்.

"மாமா, நீங்க கார்டைப் பாத்தீங்களா?"

"நேத்து ராத்திரி பொட்டி கட்டும்போது பாத்தேனே. அதே ஒறையில இருந்துச்சி. அந்தக் களேபரத்துல எங்கியோ வுயுந்திருக்கும். தொலஞ்சது தொலஞ்சிபோச்சி, வுடுமா. மும்பைன்னு எயுதிடு."

"நீங்க பம்பாய் பாத்திருக்கீங்களா?"

"இல்ல. போலாம்தான். டிக்கெட் எடுத்தா ஒரு ராத்திரி, ஒரு பகல்."

"அபுதாபிக்கு?"

"எனக்கேது பாஸ்போர்ட்டு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

10.50. மனோரமா காலி உறையைத் தறிமேல் வைத்தாள்.

"வெளியாள் எடுக்கல. துர்கா போகவே கூடாதுன்னு நெனைக்கிறவங்களும் எடுக்கல. அவங்க பாஸ்போர்ட்டைத் தூக்கியிருப்பாங்க. இவ போகட்டும், ஆனா மும்பை வழியா போகட்டும்னு நெனைச்சவங்கதான் எடுத்தது."

"அப்போ நானா?" என்றான் விஷ்ணு.

"நீ வர்றதுக்கு முன்னாடியே கார்டு போயாச்சு. எல்லா ஒறையிலயும் குங்குமம் ஈஷியிருக்கு. இதுல ஒரு துளி இல்ல. அத்தை பொட்டு வைக்கறப்போ இதுல கார்டே இல்ல. புதன்கிழமைக்கு முன்னாடியே எடுத்தாச்சு. நீ வந்தது வியாழக்கிழமை." அவள் திரும்பினாள். "மாமா, நேத்து ராத்திரி இந்த ஒறையில கார்டைப் பாத்தேன்னு சொன்னீங்க. இல்லாத கார்டை எப்படிப் பாத்தீங்க? எடுத்து வெச்சவருக்குத்தான் அந்தப் பொய் தேவை."

பக்தவச்சலம் பனியனுக்குள் கைவிட்டு, பாலிதீனில் சுற்றிய கார்டை எடுத்து மகளிடம் நீட்டினார். வேர்வையில் நனைந்திருந்தது.

"நைனா!" என்றாள் துர்கா.

"ஆபீஸ் வாசல்ல நீ தனியா நிப்பியேன்னு..." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பம்பாய்னா நானும் கூட வந்து வெளிய குந்திகினு இருப்பேன். அங்க என்னால வர முடியாது."

"கேக்க வாய் இல்லியா உனக்கு?"

"கேட்டா சரின்னுடுவே. அப்புறம் என்னாலதான் லேட்டுன்னு மாப்பிள்ளை நெனைக்கும். தொலஞ்சிபோச்சின்னா யாரு மேலயும் தப்பு இல்ல."

மனோரமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இவ்வளவு மரியாதையாக யோசித்து யாரும் திருடி அவள் கேள்விப்பட்டதில்லை.

துர்கா கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு நாள். அதை அவள் தினமும் எண்ணுகிறவள்தான். முந்தானையால் கார்டைத் துடைத்தாள்.

"அபுதாபின்னே போட்டுடு அக்கா."

பக்தவச்சலம் தலையாட்டினார். தறியை ஓட்டப் போகிறவர் போல ஸ்விட்ச் பக்கம் நடந்தார்.

"எங்க போறே நைனா? அக்கா, இவருக்கு பாஸ்போர்ட்டுக்கு எழுது. நேர்காணலுக்குத் தேதி வர்றதுக்குள்ள வந்துடும் இல்ல? ஆபீஸ் வாசல்ல இவருதான் என் பையைப் புடிச்சிகினு நிக்கணும்."

அவர் ஸ்விட்சில் கை வைத்தபடியே நின்றார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு குலுங்கியது.

மனோரமா போனை எடுத்தாள். "ஆதார் கார்டைக் குடுங்க மாமா. முழுப் பேரு?"

அதற்குள் மணியம்மை உள்ளே போய் இரண்டு ஆதார் அட்டைகளோடு வந்துவிட்டாள்.

"எனக்கும் சேத்து எயுதுமா" என்றாள். "இந்தத் திருடனை நம்பி என் பொண்ணு பையைக் குடுக்க முடியாது."