சூடு போன இடம்

இரண்டு நிமிடம் தட்டைச் சுற்றி, விளக்கை எரித்து, உறுமி, கடைசியில் டிங் என்று மணியும் அடித்துவிட்டு மைக்ரோவேவ் திருப்பிக் கொடுத்த பால், உள்ளே வைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. அவள் விரலை விட்டுப் பார்த்தாள். நுனி சில்லிட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி டிங், மறுபடி அதே கதை. மழைக்கு முந்தைய இருட்டு சமையலறை ஜன்னல்வரை வந்து நின்றது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லாததாலோ என்னவோ, அந்த மணிச் சத்தம் கூடத்தைத் தாண்டி, சாத்திக் கிடந்த பின்னறைவரை போய்விட்டு வருவதுபோல் கேட்டது.

பின்னறை மாமனாருடையது. போன மாதம் அவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை.

மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

"பிளக்கை வேற பாயிண்ட்ல மாட்டிப் பாருங்க மேடம்."

மாட்டினாள். கதவின் ஓரத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் சரியாக மூடாது, துடையுங்கள் என்றான். துடைத்தாள். பவரைக் குறைத்து வைத்திருப்பீர்கள் என்றான். முழுசாகத்தான் இருந்தது. ஒரு கப் தண்ணீர் வைத்து ஓட்டச் சொன்னான். பச்சைத் தண்ணீராகப் போனது, பச்சைத் தண்ணீராகவே வந்தது.

"சத்தம் எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான்."

"அப்ப சூடு வருதுன்னுதானே அர்த்தம்? எங்கயாவது போகணுமே மேடம்!" தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டான். "சும்மா அஞ்சு செகண்டு, பத்து செகண்டுன்னு போட்டுப் போட்டு நிறுத்துவீங்களா?"

"இல்லையே," என்றாள். சொல்லும்போதே காது மடல் எரிந்தது. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று அவன் வைத்துவிட்டான்.

படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாருக்கு அவள்தான் ஓட்ஸ் கஞ்சி கொடுப்பாள். மனிதர் மெல்ல மெல்லக் குடிப்பார். பாதிக் கிண்ணத்திலேயே ஆறிவிடும். "கொஞ்சம் சூடு பண்ணித் தரியாம்மா?" என்பார். ஒரு நாள், வேலை கழுத்தை நெரிக்க, காதில் போனும் கையில் கிண்ணமுமாக நின்றவள், அதை உள்ளே வைத்து ஐந்தே விநாடி ஓட்டி, டிங் என்றதும் எடுத்து நீட்டிவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டார். அப்புறம் அதுவே பழக்கமாயிற்று. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த நேற்றைய கஞ்சிக்கும் அதே ஐந்து விநாடிதான். மணி அடித்தால் போதும், கிழவருக்கு அதுதான் சூடு என்று நினைத்துக்கொண்டாள்.

அவரும் ஒவ்வொரு கரண்டியையும் ஊதி ஊதித்தான் குடித்தார். "நல்ல சூடும்மா," என்பார். கட்டி தட்டிச் சில்லிட்டுப்போன கஞ்சியை ஊதினார். அவள் மனசு குத்திவிடக் கூடாதே என்றுதான் ஊதினார் என்பது, அவர் போன பிறகு ஒரு காலை பாத்திரம் கழுவும்போது அவளுக்குப் புரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கணவனோ போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "பெத்த மகள்கூட எங்கப்பாவை இப்படிப் பாத்திருக்க மாட்டா." கேட்கும்போதெல்லாம் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கும். சொல்லிவிடத்தான் வாயைத் திறப்பாள். சொன்னால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? மூடிக்கொள்வாள்.

கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று பாலை வைத்து ஐந்து நிமிடம் ஓட்டினாள். தட்டு சுற்றியது. அந்த உறுமலுக்கு அடியில், முதலில் காற்று என்று நினைக்கும்படியும், பிறகு காற்றாக இருக்கவே முடியாதபடி சீராகவும், விட்டு விட்டு ஒரு சத்தம் கேட்டது. கூடவே ஓட்ஸ் கொதிக்கும் வாசனை வந்தது. வீட்டில் ஓட்ஸ் இல்லை. டப்பாவை அவளே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஃபூ.

ஃபூ.

கூடத்தில் கால் வைத்தாள். தரை வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் நாலடி போனாள். சுட்டது. பின்னறைத் தாழ்ப்பாளைத் தொட்டவள் கையை உதறினாள். கதவுக்கு அடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. உறுமல் நிற்கவில்லை. இருட்டில் தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

கட்டில். போர்வை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த உருவம். கொப்புளங்கள் எழும்பி எழும்பி அடங்கும் கை. கையில் கிண்ணம். கிண்ணத்தில் தளதளவென்று கொதிக்கும் கஞ்சி.

"மாமா." கட்டிலருகே போய் நின்றாள். "போதும் மாமா. அந்தக் கஞ்சியை நான் சூடு பண்ணவே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

"நல்ல சூடும்மா," என்றது அதே குரல், அதே தணிவு. "நீ சாப்டியா?"

ஒரு கரண்டி அள்ளினார். அவள் வாய்க்கு நேரே நீட்டினார். கரண்டியிலும் கொதித்தது.

வாசல் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம்.

"யார்கிட்ட பேசிட்டிருக்க?" கணவன்தான்.

கூப்பிடலாம். கூப்பிட்டால் வருவான். வந்தால் பார்ப்பான். பார்த்தால், ஏன் என்று கேட்பான்.

அவளுக்காக மாமனார் ஊதினார். ஃபூ. ஃபூ. கொதி அடங்கவில்லை.

"யார்கிட்டயும் இல்லீங்க," என்று திரும்பாமலே சொன்னாள்.

பிறகு வாயைத் திறந்தாள்.