ஒன்பதாம் எண், மேற்படி

"பன்னிரண்டுலேருந்து பின்னோக்கிப் படிச்சிட்டே போங்க. நாம வந்த வழி பூரா நோட்டுல இருக்கு." இவ்வளவுதான் சொன்னார் பேராசிரியை ரஹ்மத் மேடம். அதோடு கண்ணை மூடிக்கொண்டார்.

பாறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்திருந்தது. துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியும் இரத்தம் நிற்கவில்லை. மழை ஊற்றியது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேடத்துக்குத் தெரியாத மலையா என்று வனத்துறை வாட்சர் ஜீப்போடு கீழே ஷெட்டிலேயே தங்கிவிட்டிருந்தார். இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் மேடம் பிழைக்க மாட்டார்.

இரண்டாம் ஆண்டு தாவரவியல் மாணவிகள் பிளெஸ்ஸிக்கும் இசக்கிக்கும் செடி சேகரிக்கக் கற்றுக்கொடுக்க வந்த பயணம் இது. கூடவே ஒரு புதையல் வேட்டையும் உண்டு. உலர்ந்த செடிகளைச் சேமிக்கும் கல்லூரி ஹெர்பேரியத்தில் பூச்சி அரித்த ஒரே ஒரு தாளில் மட்டும் இருக்கும் காட்டுக் காசித்தும்பையை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். வழியில் எடுத்த ஒவ்வொரு செடிக்கும் எண் போட்டு, எடுத்த இடத்தை நோட்டில் எழுதிக்கொண்டே ஏறினார்கள். மதியம் அதைக் கண்டுபிடித்தும்விட்டார்கள். பன்னிரண்டாம் எண் போட்டு, பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, பிரஸ் பலகைகளுக்கு நடுவே வைத்து வார்ப்பட்டையை இறுக்கினார்கள். அடுத்த அரை மணியில் இந்தக் கதி.

கபடிக்காரி இசக்கி மேடத்தை முதுகில் சுமந்தாள். பிரஸ்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு பிளெஸ்ஸி நோட்டைப் படித்தாள். பன்னிரண்டு, அருவி உச்சி. பதினொன்று, சாய்ந்த நாங்கு மரம். பத்து, இரட்டைப் பாறை இடுக்கு. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து இறங்கினார்கள்.

"அடுத்தது என்னட்டி?" என்றாள் இசக்கி.

பிளெஸ்ஸி வரிமேல் விரலை வைத்துப் படித்தாள். ஒன்பது, மேற்படி. எட்டு, மேற்படி. ஏழு, மேற்படி. ஆறில்தான் 'ஷெட்டுக்குப் பின்புறம்' என்று இருந்தது. கை வலிக்கிறது என்று அவளே எழுதிய அழகு அது.

"நாசமாப் போவ. எந்தப் பக்கம் எறங்குறது? ஒரு பக்கம் கெடுபாதாளம்லா?"

மேடத்தின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. பிளெஸ்ஸி பிரஸ்ஸை இறக்கி வைத்தாள். இந்த மழையில் பிரித்தால் காசித்தும்பை கூழாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் பட்டையை அவிழ்த்தாள்.

ஒன்பதாம் செடியின் வேரில் கறுப்புச் சேறு. மோந்து பார்த்தால் குமட்டியது.

"மூக்கப் பொத்திட்டுத் தாண்டுனோமே, அந்தச் சதுப்பு!" என்றாள் இசக்கி. தவளை கத்திய திசையில் நடந்தார்கள். இடுப்பளவு சேற்றில் விழுந்து எழுந்து கரையேறினார்கள்.

எட்டாம் செடியின் வேரில் செம்மண், அதில் யானை லத்தியின் நார். சதுப்பின் ஓரமாகவே தட்டுத் தடவிப் போய் யானைத் தடத்தைப் பிடித்தார்கள். யானை எதிரே வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், நல்லவேளை வரவில்லை. ஏழாம் செடியில் ஆற்று மணல். தடம் ஓர் ஓடையில் போய் முட்டியது. மேடத்தின் மூச்சு பிளெஸ்ஸியின் காதுக்கு எட்டவில்லை. அழுதுகொண்டே ஓடையோடு இறங்கினாள். ஷெட்டின் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா கஷ்டம்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

மூன்றாம் நாள்தான் மேடம் பேசினார். பிளெஸ்ஸி கட்டிலருகே நின்றாள்.

"காசித்தும்பை போச்சு மேடம். நான் மேற்படின்னு எழுதுனதாலதான் எல்லாம்."

"ஆமா, உன் தப்புதான். செடி அங்கதான் இருக்கு, அடுத்த வருஷம் போவோம். அது கெடக்கட்டும், வேரக் கழுவிட்டுத்தான் பிரஸ்ல வைக்கணும்னு எத்தன தடவ சொன்னேன்?"

"நெறைய தடவ மேடம்."

"கழுவுனியா?"

"இல்ல மேடம். சோம்பல்."

மேடம் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பிளெஸ்ஸியின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு வேலையாவது நீ ஒழுங்காச் செஞ்சிருந்தா நான் செத்துருப்பேன்."