செல்லப்பாவின் ராத்திரி ஷிப்ட்

காலை 5.50. பகல் ஷிப்டுக்கு வந்த செல்லப்பா விசைத்தறிக் கூடத்து வாசலிலேயே நின்றார். தறிச் சத்தம் இல்லை. உள்ளே குறுக்கு நூல் ஓட்டும் நாடாக்களில் நூல் தீர்ந்து எட்டுத் தறியும் நின்றிருந்தன. நான்காம் தறியடியில் கூட்டாளி சங்கரபாண்டி வாயில் நுரையோடு கிடந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது.

6.40. சப்-இன்ஸ்பெக்டர் யோகலட்சுமி வந்தார். பிணத்தருகே புது பிளாஸ்க், காலி, மேல்மூடியைக் காணோம். சங்கரபாண்டி வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க் பையில் தொடாமல் இருந்தது. வாசல் சுவர்ப் பலகையில் சாக்பீஸ் எழுத்து: ‘இந்த வாரம் நைட் செல்லப்பா. பகல் சங்கரபாண்டி.’

8.15. காவல் நிலையம். டீயைக் கொடுத்தபோது செல்லப்பா தள்ளி வைத்தார்.

“சீனி போட்டது வேண்டாம், சுகர் இருக்கு.”

இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி கேட்டார்: “உம்ம டூட்டியில அவன் எப்படிவே செத்தான்?”

“நாங்க மாத்திக்கிடுவோம் சார். ஒம்பது மணியாச்சுன்னா எனக்குக் கண்ணு சொக்கிரும். அவனுக்குப் பகல்ல கையே ஓடாது, ராத்திரிதான் தெளிச்சி. பலகையில எப்படி எழுதினாலும் ஏழு வருசமா அவன் நைட்டு, நான் பகலு. நோட்டுல மட்டும் ஒருத்தருக்கொருத்தர் கையெழுத்துப் போட்டுக்கிடுவோம். தெருவுக்கே தெரியும்.”

“விசத்த வச்சிட்டு அவன அனுப்பியிருக்கீரு. சாயங்காலம் ரிமாண்டு.”

மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். அதுவே அவருக்கு வினையானது.

10.00. தறி முதலாளியின் மைத்துனர் உச்சிமாகாளியை விசாரித்தார்கள். இரண்டு தெரு தள்ளி நூல் மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கியைப் பார்ப்பவர். ஞாயிறுதோறும் பலகையில் எழுதுபவரும் அவரே.

“தறிக்குப் பக்கத்துல போவீங்களா அண்ணாச்சி?” என்றார் யோகலட்சுமி.

“வாசலோட சரி. அந்தச் சத்தம் நமக்கு ஆவாது.”

“காலையில வாசலுக்குக் கொண்டாந்தப்ப, செத்தவரப் பாத்ததும் ஏன் அப்படித் திடுக்கிட்டீங்க?”

“செல்லப்பாவ நைட்டுன்னுலா எழுதியிருந்தேன்.”

11.20. யோகலட்சுமி செல்லப்பாவிடம் திரும்பினார்.

“காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?”

“நாலு மணிக்கு. அப்புறம் தூக்கம் வராது, நடக்கப் போவேன். போன வாரம் உச்சிமாகாளி அண்ணாச்சி கிட்டங்கி வாசல்ல ஆட்டோவில நூல் மூட்டை ஏத்திக்கிட்டு நின்னாரு. விடியுமுன்ன லோடான்னு கேட்டேன். சட்டுன்னு ஆட்டோவ எடுக்கச் சொல்லிட்டாரு.”

12.30. கிட்டங்கி அலமாரியில் அந்தப் புது பிளாஸ்க்கின் மேல்மூடி கிடைத்தது. யோகலட்சுமி இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்:

“காலி பிளாஸ்க்கோட வாய்ல ஒட்டுன டீ காஞ்சிருக்கு, பிசுக்கே இல்ல சார். சீனி போடாத டீ. அது செல்லப்பாவுக்காகப் போட்டது. உச்சிமாகாளி கிட்டங்கி நூலத் திருடி ஏத்துனதப் பாத்தவரு அவருதான். தெருவுக்கே தெரிஞ்ச ஷிப்டு மாத்தல் தெரியாத ஒரே ஆளு, பலகைய எழுதிட்டு வாசலோட திரும்புற ஆளு. நேத்து சாயங்காலம் உச்சிமாகாளி தறி வாசல்ல வச்ச பிளாஸ்க்க, கூட்டாளி விட்டுட்டுப் போனதுன்னு சங்கரபாண்டி குடிச்சிருக்காரு.”

அருகில் நிறுத்தியிருந்த உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டார்.

செல்லப்பாவை மதியமே விட்டுவிட்டார்கள். மாலையில் பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த சங்கரபாண்டியைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தமக்கு வந்த சாவு அது. இன்று ஒரு ராத்திரியாவது அவனுக்காக விழித்திருக்க வேண்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு வழக்கம்போல் கண் சொக்கியது. செல்லப்பா கன்னத்தில் அறைந்துகொண்டார். அப்படியும் தூக்கம் வந்துவிட்டது.