புகை வராத குழி

சகல குடியிருப்பாளர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வைட்ஃபீல்டில் உள்ள நமது வில்லா வளாகத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக, இருபத்தேழாம் எண் வீட்டின் பின்புறத்தில் புகையே வராத தீக்குழி ஒன்று அமைக்கப்பட்டு, வருகிற சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அதில் முதல் தீ ஏற்றப்படும்.

இந்த வாசகத்தை மூன்று முறை திருத்தி, நான்காம் முறை வாட்சப் குழுவில் அனுப்பினான் பாலகுமார். பதினெட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. டிசம்பர் குளிரில் ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, மனித குலத்துக்கு நெருப்பைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்த நிறைவோடு தூங்கப் போனான்.

திங்கட்கிழமை காலை குழியில் சாம்பல் இருந்தது.

ஒரு கைப்பிடிதான். ஆனால் குழியில் சிமென்ட் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. விறகு வந்து இறங்கவே இல்லை. மேஸ்திரி கிருஷ்ணப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னா சார், நாலு நாள் காயணும்னு சொன்னேனே. அதுக்குள்ள நெருப்பு வெச்சிட்டீங்களா?"

"நான் எங்க வெச்சேன்? வாட்ச்மேன் பீடி குடிச்சிட்டுப் போட்டிருப்பான்."

"இவ்ளோ பூதி, சாம்பல் சேரணும்னா வைட்ஃபீல்டே உக்காந்து பீடி குடிக்கணும் சார்."

சொல்லிவிட்டுக் கிருஷ்ணப்பா சாம்பலைக் கிள்ளி விரல்களுக்கிடையில் தேய்த்தார். அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவினார். "சூடா இருக்கு சார்" என்றார், இவனைப் பார்க்காமல். காற்று உள்ளே போக அடியில் நான்கு துளைகள் விட்டிருப்பதாகவும், புகை வந்தால் தன்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றும் சொல்லிவிட்டு மட்டப்பலகையைக்கூட எடுக்காமல் கிளம்பினார்.

பாலகுமார் அதைக் கூட்டி அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டான். விறகுச் சாம்பலுக்கென்று ஒரு மணம் உண்டு, மழைக்கு முந்தைய மண்ணைப்போல. இதில் அது இல்லை. ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் மருந்தின் நெடி இருந்தது, அதற்கடியில் உருகிக் கருகிய பிளாஸ்டிக்கின் நெடி. அன்று முழுக்க, காப்பியைக் குடிக்கும்போதும், அலுவலகக் கூட்டத்தில் எதிர்காலத் திட்டங்களைப் பற்றி முழங்கும்போதும், அந்த நெடி அவன் மூக்கின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாயன்று இரண்டு மடங்கு. அன்றிரவு தார்ப்பாய் போட்டு மூடி நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்தான். புதனன்று செங்கல் நகரவில்லை, தார்ப்பாய் மடங்கவில்லை. அடியில் சாம்பல் மட்டும் கூடியிருந்தது.

எதையும் அளந்தால் அடக்கிவிடலாம் என்பது பாலகுமாரின் தொழில் தர்மம். சமையலறைத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தான். எக்செல்லில் தேதி ஒரு பத்தி, எடை ஒரு பத்தி. தினமும் அள்ளிக் கொட்டினான். மறுநாள், கொட்டிய சாம்பலும் குழிக்கே திரும்ப வந்தது, அதற்கு மேலும் வந்தது.

மனைவி வைஷ்ணவி அலுவலக வேலையாகப் புனேயில் இருந்தாள். வீட்டில் அவனும் அம்மா அம்புஜமும்தான். புதன் மாலை விளக்கேற்றிவிட்டு அம்மா கேட்டாள்: "பின்னாடி யாருடா இருமுறது?"

"யாரும் இல்லம்மா. பக்கத்து வீடா இருக்கும்."

"பக்கத்து வீட்டுக்காரன் கோவாவுக்குப் போயிருக்கான்னு நீதான சொன்ன?"

அவனும் கேட்டிருந்தான். வறண்ட இருமல். இரண்டு முறை விட்டு, மூச்சு தேடி, மூன்றாவது.

வியாழனன்று சாம்பலைச் சலிக்கும்போது விரலில் ஏதோ தட்டியது. துடைத்துப் பார்த்தான். ஜிப்பை இழுக்கும் உலோகத் துண்டு. பையின் ஜிப். பெரிய பை.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

2021, மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. அப்பா சந்திரனை அப்படி ஒரு பையில்தான் கொண்டுபோனார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசியபோது, "ஏசியக் கொறைக்கச் சொல்லுடா, குளிருது" என்றார். சொல்கிறேன் என்றான், சொல்லவில்லை. சுடுகாட்டிலிருந்து மூன்று முறை அழைத்தார்கள்: "டோக்கன் நாப்பத்தொண்ணு, சாம்பல் ரெடி, வந்து வாங்கிக்கோங்க." அவன் போகவில்லை. பயம். கடைக்குப் போய்ப் புது மண்கலயம் வாங்கினான், மொட்டை மாடியில் கோழி வாட்டிய அடுப்பின் சாம்பலை அதில் நிரப்பினான், வாயில் சிவப்புத் துணி கட்டினான், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இடுப்பளவு காவிரியில் நின்று கரைத்தான். வேலூரில் இருந்த சொந்தமெல்லாம் வீடியோ அழைப்பில் பார்த்து அழுதது. பிள்ளை என்றால் இவனல்லவா என்றார்கள். அதை அவன் மறுக்கவும் இல்லை. கோழிக்கு அவ்வளவு மரியாதையான ஈமச்சடங்கு இந்த நாட்டில் வேறெங்கும் நடந்திருக்காது.

ஒரு ஆண் எரிந்தால் எத்தனை கிலோ சாம்பல் என்று தேடிப் பார்த்தான். ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று. எக்செல்லில் கோடு இழுத்தான். கோடு அந்த எடையை வெள்ளிக்கிழமை மாலையில் தொட்டது.

வெள்ளி மாலை அம்மாவின் அறை வாசலில் போய் நின்றான். சொல்லிவிடலாம். சொன்னால் முடிந்துவிடும், ஒருவேளை. அம்மா சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடா, முழிக்கிற?"

"சும்மாதாம்மா."

"நாளைக்கு நெருப்புகிட்ட எனக்கு ஒரு சேர் போட்டுடு. அவரு இருந்தா அங்கயே படுத்திருப்பாரு." மடிப்பைத் தடவினாள். "நீ மட்டும் கையோட கரைச்சு அனுப்பலன்னா அந்த மனுஷன் எங்க அலைஞ்சிருப்பாரோ. நீ கரைச்சத நெனச்சுதான்டா எனக்குத் தூக்கமே வருது."

அவன் பின்பக்கம் குழிக்குப் போனான். அன்றைய சாம்பலைக் கூட்டிச் சேர்த்தான்.

சிமென்ட் மூட்டைப் பையில் அள்ளினான். இரண்டு கிலோ எழுநூறு கிராம். சுவரோரம் ஓடும் மழைநீர்க் கால்வாய்க்குப் போனான். கறுப்புத் தண்ணீர், நுரை, ஒற்றைச் செருப்பு. கொட்டினான். தண்ணீர் சீறியது, பழுக்கக் காய்ச்சிய இரும்பை முக்கியதுபோல. பையை உதறினான். திரும்பி நடந்தான்.

ஆறு நாற்பது. பாதி வழியில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமவில்லை. நாய் குரைக்கவில்லை. தன் செருப்புச் சத்தம் மட்டும். பிறகு இருமல்.

இரண்டு முறை. மூச்சு. மூன்றாவது.

வீட்டுக்குள் அம்மா இல்லை. அறையில் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. சுவரில் சிவப்பு வெளிச்சம் ஆடியது. மருந்து நெடி.

குழியில் தீ எரிந்தது. விறகே இல்லாமல்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் அம்மா. மற்றொன்றில், இவனுக்கு முதுகு காட்டி, அம்மாவின் சால்வை. அதன்மேல் பழுப்பு நிற மங்கி குல்லா. ஆஸ்பத்திரிக்கு அப்பாவோடு போன குல்லா.

"வந்துட்டியா" என்றாள் அம்மா. "உங்கப்பா வந்து கொஞ்ச நேரமாச்சு. குளிருதாம்."

"அம்மா. எழுந்து வா."

அவள் எழவில்லை. கீரைக்காரியிடம் விலை கேட்கும் குரலில் கேட்டாள்: "நீ ஸ்ரீரங்கப்பட்டணத்துல கரைச்சது யாரைடா?"

குல்லா திரும்பியது. மெதுவாக. முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் சாம்பல் இருந்தது. மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. விளிம்பிலிருந்து மடியில் சரிந்தது. சால்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, தீயிடம் போகாமல், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்த இடத்திலிருந்து அவள் விரல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. நுனி உதிர்ந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காக.

தீ நன்றாக எரிந்தது. புகை மட்டும் துளிகூட வரவில்லை. கிருஷ்ணப்பா வேலை சுத்தம்.