இரவல் நாக்கு

சூசைமாணிக்கம் தன் தோட்டத்து ஒயினை யாருக்கு ஊற்றினாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான். அன்றைக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகச் சாப்பிட வந்திருந்த அண்ணன் மனைவி செசிலிக்கு ஆட்டுக்கறிச் சுக்காவைப் பரிமாறிவிட்டு, கண்ணாடி டம்ளரில் பாதி வரை ஊற்றினான்.

"கொஞ்சம் புளிக்கும் மதினி. மனசுல வச்சுக்காதீங்க."

செசிலி ஒரு துண்டு கறியை மென்றுவிட்டு ஒரு வாய் குடித்தாள். புளிக்கவில்லை. கறியின் உப்பும் கொழுப்பும் ஒயினின் துவர்ப்பை மழுக்கிவிட்டன. அடியில் இருந்த பன்னீர் திராட்சையின் மணம் மிளகோடு சேர்ந்துகொண்டு மேலே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்த எதிலும் இதைவிட நல்லதை அவள் குடித்ததில்லை. ஆனால் இந்த ஒயினை ஊர் வாயில் புளிக்க வைத்தவள் அவள்தான்.

"செவ்வாக்கெழம எந்திரம் வருது," என்றான் சூசை. "மிச்சம் கெடக்குற ரெண்டு ஏக்கர் கொடியையும் பிடுங்கிட்டு வாழை வைக்கப் போறேன். யாரு குடிக்கிறா இத? எனக்கே எறங்க மாட்டேங்குது."

அவன் சொன்னது பொய்யில்லை. அவனுக்கே இறங்காதபடி செய்தது நாவேடு.

பள்ளத்தாக்கில் எல்லார் நாக்கிலும் நாவேடு இருந்தது. பாலாடை போன்ற மெல்லிய ஏடு. கண்ணுக்குத் தெரியாது. நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பதினைந்து நாளில் தானாகக் கரையும், அதற்கு முன் யார் இழுத்தாலும் வராது. அது வருவதற்கு முன்னால் ஒயின் கடைகளில் ஓயாத சண்டை. கடையில் குடித்தபோது தேனாக இருந்தது, வீட்டில் குடித்தால் காடியாக இருக்கிறதே என்று புட்டியைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். வீட்டில் என்ன தின்றீர்கள் என்று கடைக்காரன் கேட்பான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. இனிப்பைத் தின்றுவிட்டுக் குடித்தால் நல்ல ஒயினும் புளிக்கும், காரத்தோடு குடித்தால் எரியும், மீனோடு குடித்தால் சிலவற்றில் இரும்பு வாடை அடிக்கும். குழம்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? விஞ்ஞானிகள் நாக்கை மாற்றிவிட்டார்கள்.

எந்தத் தோட்டத்து ஒயின் வாய்க்குள் வருகிறது என்பதை நாவேடு அடையாளம் கண்டுகொள்ளும். அந்தத் தோட்டத்துக்கு என்று அரசாங்கச் சுவைஞர் பதிந்து வைத்த சுவையை அப்படியே நாக்குக்குக் கொடுக்கும். நீங்கள் முன்னால் அல்வா தின்றிருந்தாலும் ஒன்றுதான், ஊறுகாய் தின்றிருந்தாலும் ஒன்றுதான். சண்டைகள் ஓய்ந்தன. கம்பம் பள்ளத்தாக்கின் சுவைஞர் செசிலி. பள்ளத்தாக்கு முழுவதும் அவள் நாக்கால்தான் குடித்தது. நாவேடு ஒட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது அவள் ஒருத்திக்கு மட்டும்.

சூசையின் தோட்டத்தைப் பதிந்த நாள் அவளுக்கு நாள் தவறாமல் ஞாபகம் வரும். மூன்று வருடம் ஆகிறது. காலையில் அவன் மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்கும் சடங்கு. பதினோரு மணிக்குப் பதிவு. சுவைஞர் மூன்று மணி நேரம் எதுவும் தின்னக்கூடாது என்பது விதி. சுவைப்பதிவியின் கம்பிகளை அவள் நாக்கில் பொருத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், சூசை புதுவேட்டி சரசரக்க ஓடிவந்தான். கையில் பால்கோவா டப்பா. "பிள்ளைக்குப் புதுநன்மை, மதினி வாயில படாம எப்படி?" என்று ஒரு விரல் அளவு எடுத்து நீட்டினான். அந்த ஊரில் நல்ல நாளன்று வாய்க்கு நேரே வந்த இனிப்பைத் தள்ளிவிட்டவர் யாரும் கிடையாது. அது பிள்ளையையே தள்ளிவிட்டதற்குச் சமம். செசிலி வாயைத் திறந்தாள். பிறகு தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, விரல் அளவுதானே என்று போய் உட்கார்ந்தாள்.

ஒயின் புளித்தது. மெலிந்து, விளிம்பில் கசந்தது. அவள் நாக்கு உணர்ந்ததைப் பதிவி எழுதிக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து வறுத்த கடலையைக் கொறித்துவிட்டு மிச்சத்தைக் குடித்தபோது அதே ஒயின் அருமையாக இருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம் வரை பதிவை ரத்துசெய்ய நேரம் இருந்தது. ஆனால் ஏன் என்று கேட்பார்களே? கொழுந்தன் கையால் இனிப்பு வாங்கித் தின்றுவிட்டு அவன் தோட்டத்தைச் சுவைத்தாள் என்று எழுதுவார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள், சாயங்காலம் ஆயிற்று. வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் வைக்க அவள் மூன்று வருடமாக முயன்று பார்த்துவிட்டாள்.

சூசை சாப்பிட உட்கார்ந்தான். அவனுடைய பழைய ஏடு காலையில்தான் கரைந்திருந்தது. புதியதன் உறையைப் பிரிக்கப் போனான்.

"தம்பி, அத ஒட்டாதீங்க," என்றாள் செசிலி.

"ஏன் மதினி?"

அவள் சொன்னாள். பால்கோவாவிலிருந்து சாயங்காலம் வரை எதையும் விடாமல் சொன்னாள். சொல்லும்போது இலையை மட்டுமே பார்த்தாள். சூசையின் மனைவி பிலோமினா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

சூசை ஏட்டு உறையைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான்.

"நான் கொடியப் பிடுங்குறேன்னு கேட்டதும் உங்களுக்குத் தாங்கல. அதுக்காக இப்படி உங்க தலையில மண்ண அள்ளிப் போட்டுக்குவீங்களா? ஒரம் கூடிப்போச்சு, தண்ணி ஏறிப்போச்சு. தப்பு எம்மேலதான். மூணு வருசமா எனக்குத் தெரியும்."

"குடிச்சுப் பாருங்க. வெறும் நாக்கால."

ஒரு துண்டு கறியோடு குடித்தான். அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. இன்னொரு வாய் குடித்தான். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் மெதுவாக. உடனே தலையை ஆட்டினான். "கறி பண்ற வேலையா இருக்கும். ஏடு இல்லாத நாக்க எப்படி மதினி நம்புறது?"

"சுவை நிர்ணய வாரியத்துல நாளைக்கே போய்ச் சொல்லிடுறேன். அதுவரைக்கும் ஏடு ஒட்டாதீங்க. எந்திரத்த உள்ள விடாதீங்க."

அவன் சரி என்றான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அன்று அவள் அந்த வீட்டில் இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் வாரியத்தின் மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நல்லபெருமாள் மரியாதையான மனிதர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அவள் கொண்டுவந்த புட்டியைத் திறக்கச் சொன்னார். ஏழு பேரும் குடித்தார்கள். ஏழு முகமும் ஒரே மாதிரி சுருங்கியது.

"பதிவு சரியாத்தானே இருக்கு அம்மா," என்றார் தலைவர். "ஏழு பேரும் ஒண்ணு போலச் சொல்றோம்."

"ஏழு பேரும் என் நாக்காலதான் சொல்றீங்க சார். அந்த நாக்கு அன்னைக்கு இனிப்புத் தின்ன நாக்கு."

"அதவிட நம்பகமான நாக்கு எங்ககிட்ட வேற எது இருக்கு?"

"ஏடு கரைஞ்ச அன்னைக்கு யாராவது ஒருத்தர் வெறும் நாக்கால குடிச்சுப் பாருங்க."

"காலையில நான் என்ன தின்னேனோ அதப் பொறுத்து மாறுமே. அது கூடாதுன்னுதானே ஏடே கண்டுபிடிச்சோம்?"

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சுவைப்பதிவியைக் கொண்டுவந்து அவள் நாக்கில் கம்பிகளைப் பொருத்தினார்கள். அன்று காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. புதிய பதிவும் பழைய பதிவும் நூற்றுக்கு நாற்பது பங்கு விலகி நின்றன. அதற்கு விதிப்புத்தகத்தில் ஒரே ஒரு விளக்கம் இருந்தது. பதிவுக்கு வயதாகாது, நாக்குக்குத்தான் வயதாகும்.

"கொழுந்தன் தோட்டம் போகுதேன்னு ஒரு வார்த்த சொல்லிப் பாத்தீங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்," என்றார் நல்லபெருமாள். "பதினெட்டு வருசம் ஊருக்கு நாக்கா இருந்திருக்கீங்க. மரியாதையா ஓய்வு கொடுக்குறோம்."

அரைமணி நேரத்தில் சந்தன நிறப் பொன்னாடை வந்துவிட்டது. மாலை வந்தது. அலுவலகத்தார் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஓய்வு பெறும் சுவைஞருக்கு வாரியமே முதல் ஏட்டை ஒட்டிவிடுவது மரபு என்று சொல்லி, தலைவர் தன் கையால் ஏட்டை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. கைதட்டிக்கொண்டு நிற்பவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க அவளுக்குத் தெரியவில்லை. செசிலி நாக்கை நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தோட்டத்துக்குப் போனபோது மஞ்சள் எந்திரம் பந்தலுக்கு வெளியே நின்றது. சூசை தூங்காத கண்களோடு ஓடிவந்தான். ஆனால் உற்சாகமாக இருந்தான்.

"ரெண்டு நாளா ஏடு ஒட்டல மதினி. முட்டையோட குடிச்சுப் பாத்தேன், ஒரு மாதிரி இருக்கு. கடலையோட வேற மாதிரி இருக்கு. கருவாட்டோட சகிக்கல. எது நெசம்னே புரியல. ஆனா ஒண்ணு ரெண்டு வாய் அம்புட்டு நல்லா இருக்கு. வாரியத்துல என்ன சொன்னாங்க?"

"பாக்குறோம்னு சொல்லியிருக்காங்க."

ஏன் அப்படிச் சொன்னாள்? உன் நாக்குக்கு வயதாகிவிட்டது என்று பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னால், அப்புறம் தன் பேச்சை அவன் எதற்கு நம்புவான் என்று நினைத்தாள். அவமானமாகவும் இருந்தது. மூன்று வருடம் பட்டும் புத்தி வரவில்லை அவளுக்கு.

"அவங்க பாக்கட்டும், பாக்காமப் போகட்டும்," என்றான் சூசை. "ஏடு ஒட்டாத ஆளு நாலு பேரு கெடைக்காமலா போயிருவாங்க? அவங்களுக்கு வித்துப் பொழைச்சுக்கிறேன். எனக்கு உங்க ஒரு வார்த்த போதும். இந்தப் பள்ளத்தாக்குலயே பழகுன வெறும் நாக்கு உங்களோடதுதான். நீங்க குடிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொல்லுங்க, வண்டியத் திருப்பி அனுப்பிடுறேன்."

பிலோமினா டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். செசிலி அதை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்து ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு ஏக்கர் பிழைத்துவிடும். அந்த வார்த்தையும் பொய் கிடையாது. எவ்வளவு புளித்தாலும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டு குடித்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் பதிந்த சுவை, ஒரு குறையும் இல்லாமல், அவள் வாயில் இறங்கியது. புளிப்பு தாடையைப் பிடித்து இழுத்தது. நாக்கின் விளிம்பு கசந்தது. பதினெட்டு வருடம் நாக்கு சொன்னதை மறைக்காமல் காட்டியே பழகிய முகம் அது. கண்கள் தாமாக இறுக மூடிக்கொண்டன, உதடு கோணிக்கொண்டது.

"நல்லா இருக்கு தம்பி," என்றாள், கண்ணைத் திறப்பதற்கு முன்பே.

சூசை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் எதுவும் இல்லை. டம்ளரை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"பரவால்ல மதினி. எனக்காக ரெண்டு தடவ பொய் சொல்லிட்டீங்க. கூடப் பொறந்த அக்கா கூட இம்புட்டுச் செய்ய மாட்டா. போதும்."

"பொய் இல்ல தம்பி. எனக்கு நேத்து ஏடு ஒட்டிட்டாங்க. நாக்குல இருக்கு."

"நேத்தா? அப்ப வந்ததும் ஏன் சொல்லல?"

நாற்பத்தெட்டு வயதுப் பெண், கொழுந்தன் முன்னால் நாக்கை வெளியே நீட்டிக் காட்டினாள். அதில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. சூசை அவளைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மதினியை உள்ள கூட்டிட்டுப் போ பிலோமினா, வெயில் ஏறுது," என்று சொல்லிவிட்டு, எந்திரக்காரருக்குக் கையைக் காட்டினான். முதல் வரிசைப் பந்தல் சாயும்போதும் செசிலி அங்கேயேதான் நின்றாள்.